பெட்டியைக் கழற்றுவதற்கு முன்: தொலைக்காட்சி பற்றிய வாசகர் கேள்விகள்

இம்முறை தொலைக்காட்சி பற்றி வந்த கடிதங்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலிருந்து வந்தவை. அவற்றை ஒன்றாக வைத்துப் படித்தபோது, வாசகர்கள் தொலைக்காட்சியின் பழுது என்று எழுதியிருப்பவற்றிற் பல பெட்டிக்குள் இருப்பவையல்ல என்பது தெரிந்தது. அவை சுவரிலுள்ள பிளக் பொயின்றிலும், கூரையிலுள்ள டிஷ்ஷிலும், தெருவிலுள்ள மின்கம்பத்திலும் இருப்பவை. திருத்துமிடம் பல கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் கிராமத்தவருக்கு இந்த வேறுபாட்டை வீட்டிலேயே கண்டறியத் தெரிந்திருப்பது பணத்தையும் அலைச்சலையும் மிச்சப்படுத்தும் என்பதால், பதில்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஐயா, இரவு மின்சாரம் நின்று மீண்டும் வந்தபோது எங்கள் எல்.ஈ.டி. தொலைக்காட்சி இயங்கவில்லை. சிவப்பு விளக்கும் எரியவில்லை. முச்சக்கரவண்டி பிடித்து நகரத்துக்குக் கொண்டுபோவதற்கு முன் நாங்கள் பார்க்கக்கூடியது ஏதும் உண்டா?
வாசகி ஒருவர், வட்டக்கச்சி

உண்டு அம்மா. முதலில் அதே பிளக் பொயின்றில் கைத்தொலைபேசி சார்ஜரையோ மேசை விளக்கையோ செருகிப் பாருங்கள். அது இயங்கினால் பொயின்றில் குறையில்லை. அடுத்து, தொலைக்காட்சியை நீட்டிப்பு வயரிலோ மல்ரி பிளக்கிலோ மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஸ்ரெபிலைசரிலோ கொடுத்திருந்தால், அவற்றையெல்லாம் விலக்கிவிட்டு நேரே சுவரிற் செருகுங்கள். பல வீடுகளில் ஓர் அறைக்கு ஒரே பொயின்ற் இருப்பதால், மலிவான மல்ரி பிளக் ஒன்றில் தொலைக்காட்சி, டிஷ் பெட்டி, மின்விசிறி, சார்ஜர் எல்லாம் தொங்குகின்றன. அதன் உள்ளிருக்கும் பித்தளைத் தகடுகள் நாளடைவில் தளர்ந்து கருகிவிடுகின்றன. கருகிய தகட்டில் மின்சாரம் சில வேளைகளில் வரும், சில வேளைகளில் வராது. பிளக்கின் முனைகளில் கறுப்பு நிறமோ எரிந்த மணமோ இருந்தால் அதைப் பாவிப்பதை உடனே நிறுத்திவிடுங்கள்.

சதுர முனையுள்ள 13 அம்பியர் பிளக்காக இருந்தால் அதற்குள் சிறிய பியூஸ் ஒன்று இருக்கும். பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டுப் பியூஸைக் கழற்றி, நன்றாக வேலை செய்யும் இன்னொரு பிளக்கின் பியூஸை அதில் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். தொலைக்காட்சிக்கு 3 அல்லது 5 அம்பியர் பியூஸே போதுமானது. பியூஸ் கிடைக்கவில்லை என்பதற்காக வெள்ளித் தாளையோ செம்புக் கம்பியையோ வைத்துவிடாதீர்கள். அப்படி வைத்தால் அடுத்த முறை எரியப்போவது பியூஸ் அன்று, வயரோ வீடோதான். பெட்டியின் பின்புறத்தில் கழற்றக்கூடிய வயர் இருந்தால் அதை இழுத்தெடுத்து மீண்டும் இறுக்கிச் செருகுவதையும் மறக்க வேண்டாம். துடைக்கும்போது அந்த இணைப்புத் தளர்வது வழக்கம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் விளக்கு எரியாவிட்டால், பெட்டியை முற்றாகப் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு அதன் உடலிலுள்ள பவர் பொத்தானை அரை நிமிடமளவு அழுத்திப் பிடியுங்கள். சில நிமிடங்கள் கழித்து மீண்டும் செருகுங்கள். மின்சாரம் திடீரென்று வந்து போகும்போது உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுப் பகுதி குழம்பி நின்றுவிடுவதுண்டு. மீதியிருக்கும் மின்னேற்றம் முழுவதும் வடிந்த பின் அது சரியாகத் தொடங்கக்கூடும். அதற்கும் அசையாவிட்டால், பெட்டிக்குள் மின்சாரத்தை மாற்றி வழங்கும் பலகையான பவர் போர்ட்டில் பழுது இருக்கிறது என்று கொள்ளலாம். அதைத் திருத்துபவரிடமே விடுங்கள். 230 வோல்ற் மாறுமின்னோட்டம் அந்தப் போர்ட்டில் நேர்மின்னோட்டமாக்கப்படும்போது 325 வோல்ற் அளவுக்கு உயர்கிறது. அதைத் தேக்கிவைக்கும் பெரிய கப்பாசிற்றர் பிளக்கைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் ஆபத்தான மின்னேற்றத்தை வைத்திருக்கும். பின்மூடியைத் திறந்து விரலை வைக்க அது இடமல்ல.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். மின்சாரம் திரும்பி வந்த வேளையில் வீட்டு மின்குமிழ்கள் வழமைக்கு மாறாகப் பிரகாசமாக எரிந்தனவா, அல்லது சில வீடுகளில் மங்கியும் சில வீடுகளில் கூடியும் எரிந்தனவா என்று அயலாரிடம் கேளுங்கள். அப்படியானால் தெருவில் நியூற்றல் கம்பி (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி) தளர்ந்திருக்கலாம் அல்லது அறுந்திருக்கலாம். மும்முனை மின்வழியில் நியூற்றல் அறுந்தால் சில வீடுகளுக்கு 230 வோல்ற்றைவிட மிக அதிகமான அழுத்தம், சில வேளைகளில் 400 வோல்ற்றை நெருங்கியும், போய்ச் சேரும். அந்நிலையில் திருத்தியெடுத்த தொலைக்காட்சியைச் செருகினாலும் அது மீண்டும் எரிந்துவிடும். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு மின்சார சபையின் 1987 என்ற இலக்கத்துக்கு அறிவித்து, அவர்கள் வந்து பார்த்த பின்னரே மற்றப் பொருட்களைப் போடுங்கள்.

மாலையானால் எங்கள் பகுதியில் நீர்ப்பம்பிகள் ஓடுவதால் மின்னழுத்தம் குறைகிறது. தொலைக்காட்சி அணைந்து அணைந்து எரிகிறது. கடையில் ஸ்ரெபிலைசர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
விவசாயி ஒருவர், துணுக்காய்

வாங்குவதற்கு முன் தொலைக்காட்சியின் பின்புறத்திலுள்ள சிறிய எழுத்துகளைப் படியுங்கள். இப்போது விற்பனையாகும் எல்.ஈ.டி. தொலைக்காட்சிகளில் பெரும்பாலானவற்றில் 100 முதல் 240 வோல்ற் வரை என்று அச்சிடப்பட்டிருக்கும். அத்தகைய பெட்டி 170 வோல்ற்றிலும் தடையில்லாமல் ஓடவேண்டும். ஓடவில்லை என்றால் குறை இரண்டு இடங்களில் ஒன்றில் இருக்கிறது. ஒன்று, பெட்டியின் பவர் போர்ட்டில் கப்பாசிற்றர்கள் பழுதடைந்து தலை வீங்கியிருக்கின்றன. மற்றையது, வரும் மின்சாரம் குறைவது மட்டுமன்றி, தளர்ந்த இணைப்பினால் விட்டு விட்டும் வருகிறது. இரண்டையும் பிரித்தறிய இலகுவான வழி, அழுத்தம் நன்றாக இருக்கும் நள்ளிரவிலோ அதிகாலையிலோ அதே தொலைக்காட்சியைப் போட்டுப் பார்ப்பதுதான். அப்போதும் அணைந்தால் பெட்டியில் குறை. அப்போது சீராக ஓடினால் வழங்கலில் குறை இருக்கவே வாய்ப்பு அதிகம்.

என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன்: இத்தகைய தொலைக்காட்சிக்கு மலிவான ஸ்ரெபிலைசர் தேவையில்லை. அதனுள் இருக்கும் ரிலே என்ற தானியங்கிச் சுவிட்ச் ஒவ்வொரு முறை 'டிக்' என்று மாறும்போதும் ஒரு கணம் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. பம்பிகள் தொடங்குவதும் நிற்பதுமாக இருக்கும் ஊரில் அது ஓயாமல் மாறிக்கொண்டேயிருக்கும். குளிர்சாதனப் பெட்டிக்கு வேறு நியாயம், அதிலுள்ள மோட்டார் தாழ்ந்த அழுத்தத்தில் சூடாகிக் கெட்டுவிடும். ஸ்ரெபிலைசருக்கு ஒதுக்கிய பணத்தை நல்ல எர்த் இணைப்புக்கும், மின்னெழுச்சியைத் தாங்கும் பாதுகாப்புப் பிளக்குக்கும் செலவிடுங்கள்.

அதேவேளை, அழுத்தக் குறைவை விதி என்று ஏற்றுக்கொண்டிருக்கவும் வேண்டாம். இலங்கையில் வீட்டுக்கு வரவேண்டிய அழுத்தம் 230 வோல்ற். அதில் நூற்றுக்கு 6 வீதம் கூடலாம், குறையலாம். அதாவது 216 முதல் 244 வோல்ற் வரை. மல்ரி மீற்றர் வைத்திருக்கும் மின்னிணைப்பாளர் ஒருவரைக் கொண்டு மாலையில் அளந்து, நேரத்தையும் அளவையும் எழுதி, பாதிக்கப்பட்ட அயலவர்களும் கையொப்பமிட்டு மின்சார சபைக்குக் கொடுங்கள். "கறண்ட் சரியில்லை" என்று வாயாற் சொல்லும் முறைப்பாட்டைவிட எண்களோடு எழுதிய கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

ஜெனரேற்றரில் தொலைக்காட்சி பார்ப்பவர்களுக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. போர்க்காலத்தில் ஜெனரேற்றரையும் பற்றரியையும் நம்பியிருந்த வன்னி மக்களுக்கு இது புதிதல்ல என்றாலும், இன்றைய இளையோர் கவனிப்பதில்லை. இயந்திரத்தை ஓடவிட்டு, அதன் ஓட்டம் சீரான பின்னரே தொலைக்காட்சியைச் செருகுங்கள்; இயந்திரத்தை நிறுத்துவதற்கு முன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். எரிபொருள் முடிந்து இயந்திரம் திக்கித் திக்கி நிற்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் போர்ட்டுகள் எரிகின்றன.

சத்தம் நன்றாகக் கேட்கிறது, படம் இல்லை. திரை முழுவதும் கறுப்பு. புதிய தொலைக்காட்சி வாங்கத்தான் வேண்டும் என்று திருத்துபவர் ஒருவர் சொல்லிவிட்டார்.
ஆசிரியை ஒருவர், நெடுங்கேணி

அவசரப்பட வேண்டாம் ரீச்சர். இரவில் அறை விளக்கை அணைத்து, தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு, ஒரு ரோச் லைட்டைத் திரைக்கு மிக அருகில் சரிவாகப் பிடித்து உற்றுப் பாருங்கள். மங்கலாக உருவங்கள் அசைவது தெரிந்தால் திரை நன்றாகவே இருக்கிறது. அதற்குப் பின்னாலிருந்து ஒளி கொடுக்கும் எல்.ஈ.டி. பட்டிகள்தான் அணைந்துவிட்டன. இந்தப் பட்டிகளில் சின்னஞ்சிறு எல்.ஈ.டி. விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று எரிந்துபோனாலும் அந்தத் தொடர் முழுவதும் இருண்டுவிடும். கோயில் வீதியில் கட்டும் மின்குமிழ்ச் சரத்தில் ஒரு குமிழ் போனதும் சரமே அணைவது போன்றதுதான் இதுவும்.

இது திருத்தக்கூடிய பழுது. திரையை முழுமையாகக் கழற்ற வேண்டியிருப்பதால், பழகிய கை தேவை; கவனயீனமாகத் தூக்கினால் கண்ணாடி உடைந்து, அதன் பிறகு உண்மையாகவே புதியது வாங்க நேரிடும். திருத்துபவரிடம் இரண்டு விடயங்களைக் கேளுங்கள். எரிந்த ஒரு விளக்கை மட்டும் மாற்றுகிறாரா, அல்லது பட்டிகள் எல்லாவற்றையும் மாற்றுகிறாரா? எல்லாவற்றையும் மாற்றுவதே நல்லது. ஏனென்றால் ஒரே வயதுடைய மற்ற விளக்குகளும் அடுத்தடுத்துப் போய்விடும், ஒவ்வொரு முறையும் திரையைக் கழற்றுவது ஒவ்வோர் ஆபத்து. இரண்டாவது, திருத்திய பின் ஒளியளவைக் குறைத்துத் தருவாரா? கடையில் கண்ணைக் கவர்வதற்காக இந்தத் தொலைக்காட்சிகள் மிகை ஒளியில் அமைக்கப்பட்டு வருகின்றன. பட அமைப்பிலுள்ள பின்னொளியைப் பாதியளவுக்குக் குறைத்துவிட்டால் விளக்குகளின் சூடு குறைந்து ஆயுள் கூடும். பழுதில்லாத தொலைக்காட்சி வைத்திருப்பவர்களும் இன்றிரவே இதைச் செய்யலாம். ஓட்டு வீட்டிலும் தகரக் கூரை வீட்டிலும் பகல் வெப்பத்தில் ஓடும் பெட்டிகளுக்கு இது மிகவும் பயன்தரும்.

ரோச் வெளிச்சத்திலும் எதுவும் தெரியாவிட்டால் குறை வேறிடத்தில். அதற்குத் திருத்துபவரின் சோதனை வேண்டும்.

திரையில் நெட்டாகக் கோடுகள் விழுகின்றன. இது டிஷ்ஷின் குறையா, தொலைக்காட்சியின் குறையா?
வாசகர் ஒருவர், பரந்தன்

தொலைக்காட்சியின் றிமோட்டில் (டிஷ் பெட்டியின் றிமோட்டில் அல்ல) மெனு பொத்தானை அழுத்துங்கள். மெனுவைத் தொலைக்காட்சி தானே வரைகிறது. டிஷ்ஷிலிருந்து அது வருவதில்லை. மெனு தெளிவாக இருந்து அதன் பின்னால் உள்ள படம் மட்டும் கெட்டிருந்தால் டிஷ் பெட்டியையும் அதன் வயரையும் பாருங்கள். மெனுவின் மீதும் அதே கோடுகள் ஓடினால் குறை தொலைக்காட்சியில்தான். மெல்லிய ஒற்றைக் கோடு எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் திரைக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும் நுண்ணிய இணைப்பு விட்டிருக்கிறது என்று கொள்ளலாம். அதைச் சரிசெய்வது பெரும்பாலும் இலாபமில்லை. பாதித் திரை முழுவதும் குழம்பியிருந்தால் உள்ளேயுள்ள தட்டை நாடாவோ கட்டுப்பாட்டுப் போர்ட்டோ காரணமாக இருக்கலாம், அது மாற்றக்கூடியது. செலவைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இடி மின்னல் நேரத்தில் சுவிட்சை நிறுத்தித்தான் வைத்திருந்தோம். ஆனாலும் தொலைக்காட்சியும் டிஷ் பெட்டியும் சேர்ந்து எரிந்துவிட்டன. எப்படி நடந்தது?
குடும்பத் தலைவர் ஒருவர், ஒட்டுசுட்டான்

சுவிட்சை நிறுத்தும்போது அதற்குள் ஏற்படும் இடைவெளி சில மில்லிமீற்றர்தான். வானத்திலிருந்து நிலத்துக்குப் பாய்ந்து வந்த மின்னலுக்கு அந்த இடைவெளி ஒரு தடையே அல்ல. அதைவிட முக்கியமானது, உங்கள் தொலைக்காட்சிக்கு மின்சாரம் நுழைய இரண்டு வாசல்கள் இருக்கின்றன: ஒன்று சுவரிலுள்ள பிளக், மற்றையது டிஷ்ஷிலிருந்து வரும் வயர். நீங்கள் ஒன்றை மட்டுமே, அதையும் அரைகுறையாகவே, மூடியிருக்கிறீர்கள். மின்னல் நேரே வீட்டில் விழவேண்டும் என்பதுமில்லை. அண்மையிலுள்ள பனையிலோ மின்கம்பியிலோ விழுந்தாலே, அதன் தாக்கம் கூரையிலிருந்து இறங்கும் நீண்ட வயரில் பெரும் அழுத்தத்தைத் தூண்டிவிடும். அந்த அழுத்தம் டிஷ் பெட்டிக்குள் புகுந்து, அதைத் தொலைக்காட்சியோடு இணைக்கும் எச்.டி.எம்.ஐ. வயர் வழியாகத் தொலைக்காட்சியின் பிரதான போர்ட்டை அடைந்திருக்கும். இரண்டும் சேர்ந்து எரிந்ததற்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும்.

நம் நாட்டில் மின்னல் அதிகமான காலம் மார்ச், ஏப்ரல் மாதங்களும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களுமாகும். வளிமண்டலவியல் திணைக்களம் மின்னல் எச்சரிக்கை விடுக்கும் நாட்களில், வானம் கறுக்கத் தொடங்கும்போதே பிளக்கைச் சுவரிலிருந்து முற்றாகக் கழற்றுங்கள். டிஷ் வயரையும் பெட்டியின் பின்புறத்திலிருந்து திருகிக் கழற்றித் தொலைவில் வையுங்கள். இடி முழங்கத் தொடங்கிய பின் அந்த வயரைத் தொடாதீர்கள். தொலைக்காட்சி போனால் வாங்கிக்கொள்ளலாம். பிள்ளையின் கையில் வயர் இருக்கும்போது மின்னல் விழுந்தால் அதற்கு ஈடில்லை. வீட்டில் ஆளில்லாமல் வயலுக்கோ கடலுக்கோ செல்வோர் காலையிலேயே கழற்றிவிட்டுப் போவது நல்லது.

பாதுகாப்புப் பிளக்கை வாங்கினால் போதாதா என்று கேட்பீர்கள். அது தன்னிடம் வரும் மிகை மின்சாரத்தை எர்த் வழியாக நிலத்துக்கு அனுப்பியே காப்பாற்றுகிறது. எர்த் கம்பி இல்லாத பொயின்றிலோ, எர்த் தண்டு துருப்பிடித்துப்போன வீட்டிலோ அதன் பயன் மிகக் குறைவு. மணற்பாங்கான, வரண்ட மண்ணில் எர்த் நன்றாகப் பிடிக்காது. வீட்டின் எர்த்தை அளந்து, தேவையானால் தண்டை இன்னும் ஆழத்துக்கு இறக்கித் தரும்படி மின்னிணைப்பாளரிடம் கேளுங்கள். அப்படிச் செய்தாலும் மின்னல் வேளையில் பிளக்கைக் கழற்றும் வழக்கத்தை விட்டுவிடக் கூடாது.

டிஷ் வயரைப் பெட்டியிற் பூட்டும்போது கையில் சுருக்கென்று மின்சாரம் பிடிக்கிறது. மழை பெய்தால் படம் சதுரம் சதுரமாக உடைகிறது. இரண்டும் ஒரே பழுதா?
வாசகர் ஒருவர், முல்லைத்தீவு

இரண்டும் வெவ்வேறானவை. எர்த் இல்லாத இரு முனைப் பிளக்கில் ஓடும் பெட்டிகளில், மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக வைத்திருக்கும் சிறிய கப்பாசிற்றர் வழியாக மிகச் சிறிதளவு மின்சாரம் வெளி உலோகத்துக்குக் கசியும். வெறுங்காலுடன் சீமெந்து நிலத்தில் நின்று தொடும்போது அதுவே சுருக்கென்று உணரப்படுகிறது. மெல்லிய கூச்சமாக இருந்தால் பதற்றப்பட வேண்டாம். ஆனால் கையை உதறும் அளவுக்குப் பிடித்தாலோ, வீட்டின் ட்ரிப் சுவிட்ச் விழுந்தாலோ, பெட்டியைப் பாவிக்காமல் நிறுத்தி மின்னிணைப்பாளரை அழையுங்கள். ட்ரிப் சுவிட்ச் பொதுவாக 30 மில்லி அம்பியர் கசிவில் விழும்படி அமைக்கப்பட்டது. அது விழுகிறது என்பதற்காக அதை விலக்கி நேரே இணைப்புக் கொடுப்பது உயிரோடு விளையாடுவதாகும். எந்த வயரைப் பூட்டுவதானாலும் கழற்றுவதானாலும் இரண்டு பெட்டிகளின் பிளக்குகளையும் முதலில் எடுத்துவிடுங்கள். இதனால் உங்கள் கையும் தப்பும், எச்.டி.எம்.ஐ. துளையும் தப்பும்.

படம் உடைவதற்கு வருகிறேன். கனமழை நேரத்தில் மட்டும் உடைந்து, மழை தணிந்ததும் சரியானால் அது இயல்பு. செய்மதியிலிருந்து டிஷ்ஷுக்கு வரும் அலையை மழைத்துளிகள் உறிஞ்சிவிடுகின்றன. தூறலுக்கே உடைந்தாலோ, மழை விட்டு நெடுநேரமாகியும் சரிவராவிட்டாலோ டிஷ்ஷின் திசை சிறிது விலகியிருக்கிறது, அல்லது வயரின் முனைக்குள் நீர் இறங்கியிருக்கிறது. உங்களூரின் உப்புக் காற்றில் அந்த முனை விரைவாகப் பச்சை படிந்து அரித்துவிடும். மழைக்காலத்துக்கு முன் முனையை வெட்டிப் புதிதாகப் பூட்டி, நீர் புகாத ரேப் சுற்றி, டிஷ்ஷின் தலைக்கு (தட்டின் முன்னாலுள்ள அலைவாங்கிக்கு) சற்று முன்னால் வயரைக் கீழ்நோக்கி ஒரு வளையமாகத் தொங்கவிடுங்கள். நீர் அந்த வளையத்தின் அடியில் சொட்டிவிடும், முனைக்குள் போகாது. காட்டோரக் கிராமங்களில் குரங்குகள் டிஷ்ஷின் மீது பாய்ந்து திசையை மாற்றிவிடுவதுண்டு. அங்கே தூணையும் ஆணிகளையும் இறுக்குவதே முதல் வேலை. டிஷ்ஷைப் பூட்டியபோது சின்னதாக நின்ற வேம்பு இப்போது வளர்ந்து குறுக்கே நிற்கிறதா என்பதையும் அண்ணாந்து பாருங்கள்.

மாதக் கட்டணம் கட்ட வசதியில்லை. பழைய அன்ரெனாவில் பார்க்கிறோம். படம் புள்ளி புள்ளியாகவும் நிழலோடும் வருகிறது.
முதியவர் ஒருவர், மல்லாவி

ஐயா, வன்னிக்கான தரைவழி ஒளிபரப்பு ஏ9 வீதியோரத்திலுள்ள கொக்காவில் கோபுரத்திலிருந்து வருகிறது. 1990 இல் போரில் அழிந்த நிலையத்தின் இடத்தில் 174 மீற்றர் உயரத்தில் எழுப்பப்பட்டு 2011 ஜூனில் திறக்கப்பட்டது அது. மல்லாவியிலிருந்து கொக்காவில் வடகிழக்குத் திசையில் இருக்கிறது. உங்கள் அன்ரெனா அதற்கு முன் வேறு திசைக்குத் திருப்பப்பட்டதாக இருந்தால் முதலில் அதை வடகிழக்குக்குத் திருப்புங்கள். ஒருவர் தூணை மெல்லத் திருப்ப, இன்னொருவர் திரையைப் பார்த்துக் குரல் கொடுக்கட்டும். அன்ரெனாவையோ தூணையோ மின்கம்பிக்கு அருகில் கொண்டுபோக வேண்டாம்.

புள்ளிகள் அலை வலுக்குறைந்ததற்கு அடையாளம். நிழல், ஒரே படம் இரண்டு வழியாக வருவதற்கு அடையாளம். நேரே வருவது ஒன்று, கட்டடத்திலோ தண்ணீர்த் தாங்கியிலோ பட்டுத் தெறித்து வருவது மற்றொன்று. அன்ரெனாவைச் சற்று உயர்த்தினாலோ ஓரிரு அடி பக்கவாட்டில் நகர்த்தினாலோ நிழல் குறையும். அன்ரெனாவும் வயரும் சேரும் இடத்திலுள்ள சிறிய பிளாஸ்ரிக் பெட்டியைத் திறந்து பாருங்கள். அங்கே திருகாணிகள் துருப்பிடித்திருந்தால் வேறெதைச் செய்தும் பலனில்லை. அந்தச் சிறு பெட்டியை மாற்றுவது அதிக செலவில்லாத வேலை.

நல்ல வெயில் நேரத்தில், மழையோ முகிலோ இல்லாதபோது, சில நாட்களாக ஏறத்தாழ ஒரே நேரத்தில் டிஷ் படம் சில நிமிடங்கள் நின்று பின் வருகிறது. டிஷ்ஷை மாற்ற வேண்டுமா?
மாணவர் ஒருவர், வவுனியா

மாற்ற வேண்டாம் தம்பி. நிற்கும் மாதத்தைக் கவனியுங்கள். மார்ச் நடுப்பகுதியிலும் செப்ரெம்பர் இறுதியிலும் சில நாட்களுக்குச் சூரியன் செய்மதியின் நேர் பின்னால் வந்துவிடுகிறது. டிஷ் செய்மதியைப் பார்க்கும்போது சூரியனையும் சேர்த்தே பார்க்கிறது. சூரியனிலிருந்து வரும் ரேடியோ இரைச்சல் செய்மதியின் மெல்லிய அலையை அந்தச் சில நிமிடங்களுக்கு மூடிவிடுகிறது. அந்நாட்கள் கடந்ததும் அது தானாகவே நின்றுவிடும். வேறு மாதங்களில் இப்படி நடந்தால், வெயிலில் சூடேறி விலகும் இணைப்பு ஒன்று இருக்கிறது என்று கொண்டு, டிஷ்ஷின் தலையையும் வயர் முனைகளையும் பரிசோதியுங்கள்.